அரை அங்குல பிஸ்டன்-சிலிண்டர்: பிரஸ்ஸைவிட செல் முக்கியம்

பாறை உருகுவதை ஆய்வகத்திலேயே பார்க்க வேண்டும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் பிஸ்டன்-சிலிண்டர் என்பேன்: அரை அங்குலத் துளைக்குள் பிஸ்டனை அழுத்தி, உள்ளே இருக்கும் மாதிரியை நசுக்கிச் சூடாக்கும் கருவி. பாய்டும் இங்லண்டும் 1960-இல் வெளியிட்ட வடிவமைப்புதான் அடிப்படையில் இன்றும் ஓடுகிறது. சுமார் 0.5 முதல் 4 கிகாபாஸ்கல் வரை அழுத்தம் தரும். கீழ் மேலோட்டில் தொடங்கி, நூறு கிலோமீட்டருக்கும் கீழே உள்ள மேன்டில் (மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கு) வரை அதில் அடங்கிவிடும்.

பிரஸ் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சிலிண்டரின் உள்பகுதியான டங்ஸ்டன் கார்பைடு கோர் எப்போதாவது விரிசல் விடும். அதைத் தேய்மானச் செலவாகவே கணக்கில் வையுங்கள். குளிர்நீர் ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டால் ஹைட்ராலிக்ஸ் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

மாதிரியைச் சுற்றி அடுக்கி உள்ளே வைக்கும் செல்லில்தான் விஷயமே இருக்கிறது. டால்க் என்ற மென்மையான கனிமமும் பைரெக்ஸ் கண்ணாடியும் சேர்ந்த டால்க்-பைரெக்ஸ் செல் வெட்டவும் அடுக்கவும் சுலபம். ஆனால் உராய்வு அதிகம். மானி காட்டும் அழுத்தம் அப்படியே மாதிரிக்குப் போய்ச் சேராது. உயர் அழுத்தத்தில் குவார்ட்ஸ் கோசைட் என்ற கனிமமாக மாறுவது போன்ற தெரிந்த வினையை வைத்துத் திருத்தம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அதோடு சூட்டில் டால்க் நீரை விடும். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் மாதிரியை அடைத்து வைக்கும் பிளாட்டினக் குப்பியின் (கேப்ஸ்யூல்) சுவரைத் தாண்டி உள்ளே போய்விடும். நீரற்ற சோதனை செய்பவருக்கு இது பெரிய தலைவலி. உப்பு செல்லில் உராய்வு மிகக் குறைவு, எனக்குப் பிடித்தது அதுதான். ஈரம் இழுக்கும் என்பதால் உலர் அடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். வெப்பநிலை ஏற ஏற உப்பே உருகும் அபாயம் உண்டு. அந்த எல்லைக்கு மேலே பேரியம் கார்பனேட் செல்தான் சரி.

கேப்ஸ்யூல் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. பிளாட்டினம் 1768 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று நம்பி பசால்ட்டை அதில் போட்டால், உருகலில் உள்ள இரும்பைச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். அந்த உருகலில் விளையும் ஆலிவின் என்ற கனிமத்தின் மக்னீசிய அளவை நம்பி எழுதும் முடிவு எதுவும் நிற்காது. தங்கத்தில் இரும்பு இழப்பு மிகக் குறைவு, ஆனால் சாதாரண அழுத்தத்தில் 1064 டிகிரியிலேயே உருகிவிடும். தங்கம்-பல்லேடியம் கலவை இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். நீரற்ற பசால்ட்டுக்கு நான் பிளாட்டினத்துக்குள் கிராஃபைட் கூடு வைப்பதையே விரும்புவேன். இரும்பு போகாது, ஆனால் கிராஃபைட் சூழலை ஆக்சிஜன் குறைந்ததாக மாற்றிவிடும். ஃபெரிக் (அதிகம் ஆக்சிஜனேறிய) இரும்பு வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது.

வெப்பநிலை பற்றி விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. வெப்பம் அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள் காட்டுவது தன் முனையின் வெப்பத்தைத்தான். நேரான கிராஃபைட் ஹீட்டரில் சூடான பகுதி குட்டையானது. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெப்பம் சட்டென்று இறங்கும். சரிபார்க்க அருமையான வழி ஒன்று இருக்கிறது. மக்னீசியாவும் அலுமினாவும் தொடும் இடத்தில் ஸ்பினல் என்ற கனிமத்தின் படலம் வளரும். அதன் தடிமனை அளந்தால் செல்லின் எந்தப் பகுதி எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடலாம். புதுச் செல் வடிவம் எதுவானாலும் முதல் ஓட்டத்தை இதற்கே ஒதுக்குங்கள். கேப்ஸ்யூலையும் முடிந்தவரை குட்டையாகவே வெட்டுங்கள்.

மின்சாரத்தை நிறுத்தினால் சில நொடிகளில் உருகல் கண்ணாடியாக உறைகிறதே, அதற்காகவே இந்தக் கருவியை எனக்கு இவ்வளவு பிடிக்கும். நீர் நிறைந்த உருகல்கள் மட்டும் அவ்வளவு சுத்தமாக உறையாது. உறையும்போதே நுண்படிகங்கள் முளைத்து எலக்ட்ரான் கற்றையால் வேதிக் கலவையை அளக்கும் மைக்ரோபுரோப் அளவீட்டைக் குழப்பும்.

உங்கள் கேள்வி எரிமலையின் ஆழமற்ற மாக்மா அறையைப் பற்றியது என்றால் இதை வாங்க வேண்டாம். 0.5 கிகாபாஸ்கலுக்குக் கீழே இதன் அழுத்தத் துல்லியம் போதாது. வாயுவால் அழுத்தும், உள்ளே ஹீட்டர் உள்ள கலனுக்கோ மூடும் முனை அடுப்புக்கு வெளியே குளிர்ந்திருக்கும் கோல்டு-சீல் கலனுக்கோ அந்தப் பணத்தைச் செலவிடுங்கள்.