முதல் ராக்கெட்டுக்கு பிளாஸ்டிக் வாலா, பால்சா வாலா?

மாதிரி ராக்கெட் கிட் வாங்கப் போகிறவர் பெட்டியின் மேல் முதலில் தேடுவது உயரத்தைத்தான். 300 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் கை தானாக அந்தப் பக்கம் நீளும். அந்த எண்ணை நம்பி முதல் கிட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. போன ராக்கெட் திரும்பி வர வேண்டும், வந்தது மறுபடி பறக்கும் நிலையில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் இங்கே எடை போடப்போகிறேன்.

எடுத்துக்கொண்டவை மூன்று: எஸ்டீஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா, ஆல்ஃபா 3, பிக் பெர்த்தா. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். நீளம் 31 சென்டிமீட்டர், குழாயின் விட்டம் 25 மில்லிமீட்டர். ஆல்ஃபாவுக்கு பால்சா மரத்தில் மூன்று வால்சிறகுகள், ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஆல்ஃபா 3-இல் அந்த மூன்றும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வரும், குழாயின் அடியில் செருகி ஒட்டினால் போதும். பிக் பெர்த்தா வேறு சாதி. 61 சென்டிமீட்டர் நீளம், 42 மில்லிமீட்டர் குழாய், பால்சாவில் நான்கு பெரிய சிறகுகள். ஆனால் மூன்றும் ஏற்பது ஒரே 18 மில்லிமீட்டர் மோட்டாரைத்தான், அதாவது எரிபொருள் அடைத்த சிறு குழலைத்தான். ஒரே சக்தியில் மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க முடிவதால்தான் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தம் இருக்கிறது.

கட்டுவதில் வேகம் ஆல்ஃபா 3-க்கே. பசை காயும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் ஆகாது. சிறகுகள் வார்ப்பிலேயே நேராக இருப்பதால் கோணல் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகள் இருபது பேரை உட்காரவைத்து ஒரே நாளில் கட்டிப் பறக்கவிட வேண்டுமென்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதுதான். தனியாக ஒருவர் கட்டுகிறார் என்றால் என் பதில் மாறும்.

காரணம், தரையிறங்கும்போது நடப்பது. பாராசூட்டில் தொங்கி வரும் ராக்கெட்டில் பெரும்பாலும் முதலில் நிலத்தைத் தொடுவது வால்தான். கெட்டியான தரையில் பிளாஸ்டிக் சிறகு சில முறை தாங்கும். ஒருநாள் விரிசல் விட்டால் அந்த வார்ப்பு முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டிய நிலை வரலாம், அதற்குள் அது குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். பால்சா சிறகு இதைவிட எளிதாக உடையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடைந்த துண்டு புல்லில் கிடைத்தால் அங்கேயே பசை தடவிப் பொருத்திவிடலாம். கிடைக்காவிட்டால் மற்றொரு சிறகைப் படியெடுத்து பால்சாத் தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். அப்படி வெட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது: மரத்தின் நார் சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். நார் குழாயோடு இணையாக ஓடினால் முதல் இறக்கத்திலேயே சிறகு நார்வழியே பிளந்துவிடும். கிட்டில் வரும் சிறகுகளில் இதை உற்பத்தியாளரே கவனித்திருப்பார். நாமே வெட்டும்போதுதான் நார் எதற்கு என்று புரியும்.

பசையைப் பற்றியும் இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் பால்சா கிட்டைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பசையில்தான் கெடுக்கிறார்கள். சூப்பர் குளூ நொடியில் பிடிக்கிறது, அதனால் கை அதைத் தேடும். ஆனால் அதன் மூட்டு இறுகி நொறுங்கும் தன்மை கொண்டது, அதிர்ச்சிக்குத் தாங்காது. எபாக்ஸி பலமானது, இந்த அளவு ராக்கெட்டுக்குத் தேவைக்கு மேல் பலமானது, கனமும் கூட. அந்தக் கனம் சேரும் இடம் வால் என்பதுதான் சிக்கல். சாதாரண மரப்பசையே போதும். இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, சற்று உலரவிட்டு, மீண்டும் ஒரு பூச்சு கொடுத்து அழுத்த வேண்டும். காய்ந்த பிறகு மூட்டின் இருபுறமும் விரலால் ஒரு கோடு பசை இழுத்துவிட வேண்டும். இப்படிச் செய்த மூட்டை உடைத்துப் பார்த்தால் குழாயின் தாள் உரிந்து வரும் அல்லது மரம் கிழியும், பசை விடாது. இதற்கு மேல் பலம் தேடுவது வீண்.

வாலில் கனம் சேர்ந்தால் என்ன? ராக்கெட்டின் எடை மையம், காற்று அழுத்தும் மையத்தைவிட குழாயின் ஒரு விட்டம் அளவாவது மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நேராகப் போகாது, கரணம் போடும். தாராளமான எபாக்ஸியும் தடித்த வண்ணப் பூச்சும் எடை மையத்தைப் பின்னே இழுக்கும். சந்தேகமிருந்தால் மோட்டாரைச் செருகி, பாராசூட்டையும் அடைத்து, சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கை முன்வைத்தே சுற்றினால் கவலை இல்லை.

இனி, பெட்டியின் மேல் உள்ள அந்த உயரம். அதைப் புரிந்துகொள்ள மோட்டாரின் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். பி6-4 என்றால், எழுத்து மொத்த உந்துதலைச் சொல்கிறது. ஏ என்பது 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. ஒவ்வொரு எழுத்திலும் உச்சவரம்பு இரட்டிப்பாகிறது. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிபொருள் தீர்ந்தபின் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்க எத்தனை விநாடி காத்திருக்கும் என்பது. இந்த கடைசி எண்ணைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை, ராக்கெட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அதுதான். ராக்கெட் இன்னும் வேகமாக ஏறும்போதே பாராசூட் வெளிவந்தால், மூக்கையும் குழாயையும் இணைக்கும் மீள்கயிறு அட்டைக் குழாயின் விளிம்பை ஜிப் திறப்பதுபோல் கிழித்துவிடும். தலைகீழாக விழத் தொடங்கி வேகம் பிடித்தபின் வந்தாலும் அதே கதிதான்.

பெட்டியில் அச்சிட்ட உயரம் சி வகை மோட்டாருக்கானது. ஆல்ஃபாவோ ஆல்ஃபா 3-ஓ சி6-7 மோட்டாரில் 300 மீட்டரைத் தொடும். விரல் பருமனைவிடச் சற்றே பெரிய குழாய், 300 மீட்டர் உயரத்தில். கண்ணுக்குத் தெரிவது கடினம். 30 சென்டிமீட்டர் பாராசூட்டில் அது விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் இறங்கும், ஆக ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காற்றில் மிதக்கும். விநாடிக்கு 3 மீட்டர் என்ற இளங்காற்றுகூட அதற்குள் அதை 300 மீட்டர் தள்ளிக்கொண்டுபோய்விடும். அங்கே மரமோ கூரையோ குளமோ இருந்தால் கதை முடிந்தது. அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி, ஏ மோட்டாருக்கு 30 மீட்டர் அகல மைதானமும், பி-க்கு 60 மீட்டரும், சி-க்கு 120 மீட்டரும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது. இது குறைந்தபட்சம்தான். காற்றுள்ள நாளில் சி-க்கு அது போதாது என்பதே என் எண்ணம்.

பிக் பெர்த்தா அதே சி மோட்டாரில் ஏறுவது அதில் பாதி, சுமார் 150 மீட்டர். பி6-4 போட்டால் இன்னும் குறைவு. பெட்டியைப் பார்ப்பவருக்கு இது குறையாகத் தோன்றும். எனக்கு இதுதான் அதன் சிறப்பு. கிளம்பும்போது நேராகப் பிடித்திருக்கும் ஏவுகம்பியை விட்டு மெதுவாகக் கிளம்புகிறது. புகை நிற்பதும், சற்று வேகம் தளர்ந்து மூக்கு சாய்வதும், பாராசூட் விரிவதும் எல்லாம் கண்ணுக்கு எதிரே நடக்கின்றன. மோட்டாரின் தாமத எண் சரியா தவறா என்பதை நின்ற இடத்திலிருந்தே கணிக்க முடிகிறது. ஆல்ஃபா சி மோட்டாரில் போகும்போது ஒரு சீறல் கேட்கும், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெர்த்தாவுக்கும் குறை இல்லாமல் இல்லை. மெதுவாகக் கிளம்புவதும் பெரிய சிறகுகளும் சேர்ந்து அதைக் காற்று வரும் திசைக்கே திருப்பிவிடும். காற்று பலமாக இருந்தால் செங்குத்தாக ஏறாமல் சாய்ந்து போகும். காற்றை எதிர்த்துப் போனதைப் பாராசூட் காற்றோடு திரும்பக் கொண்டுவருவதால் பல நேரம் அது நம் பக்கத்திலேயே இறங்கிவிடுகிறது என்பது வேறு விஷயம். விதி மணிக்கு 32 கிலோமீட்டர் காற்று வரை அனுமதிக்கிறது. பெர்த்தாவை நான் அதில் பாதிக்கு மேல் போனாலே எடுக்கமாட்டேன். வைத்திருக்க இடமும் கூடுதலாக வேண்டும், நான்கு சிறகுகளை உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்குவதற்கு மூன்றைவிடப் பொறுமை கூடுதலாக வேண்டும்.

மோட்டாரையே நாமாகச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அந்தக் கேள்விக்கு முடிவுகட்டத்தான். 1950-களில் இளைஞர்கள் வீட்டில் மருந்து கெட்டித்துக் காயப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக்கில் ஆர்வில் கார்லைல் தன் சகோதரர் ராபர்ட்டுடன் ஒருமுறை பயன்படுத்தி எறியும் மோட்டாரோடு கூடிய காகித ராக்கெட்டை 1954-இல் உருவாக்கினார். வெர்ன் எஸ்டீஸ் அத்தகைய மோட்டார்களை இயந்திரத்தில் சீராகத் தயாரிக்கத் தொடங்கியபின் ராக்கெட்டைக் கட்டுவது மட்டுமே நம் வேலையாயிற்று. அது அப்படியே இருக்கட்டும். வாங்கும் முன் உங்கள் ஊரில் மோட்டார் கிடைக்கிறதா, பறக்கவிட அனுமதி வேண்டுமா என்று விசாரித்துவிடுங்கள். மோட்டார் கிடைக்காத இடத்தில் மூன்று கிட்டும் அலமாரி பொம்மைகள்தான்.

ஏவும் முறையில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும். 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கம்பி செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக் கூடாது. பற்றாமல் போனால் ஏவும் கருவியின் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்தே அருகில் போக வேண்டும். பாராசூட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே தீப்பிடிக்காத தாளைக் கசக்கி வைக்க மறந்தால் பாராசூட் உருகிக் கட்டியாகும், அப்போது பால்சாவா பிளாஸ்டிக்கா என்ற விவாதமே தேவைப்படாது.

ஆக, ஒரே ஒரு கிட் என்றால் பிக் பெர்த்தாவை பி6-4 மோட்டாரோடு வாங்குங்கள். கூட்டமாகக் கட்ட ஆல்ஃபா 3. சிறகு ஒட்டக் கை பழகியபின் இரண்டாவதாக ஆல்ஃபா. அதையும் ஏ8-3 மோட்டாரில் தொடங்குங்கள், 100 மீட்டரை ஒட்டி ஏறும், கண்ணுக்கும் தெரியும். சி மோட்டார் போட்டே தீர வேண்டும் என்று கை அரித்தால், பாராசூட்டின் நடுவில் ஒரு வட்டம் வெட்டி எடுத்துவிடுங்கள், அல்லது பாராசூட்டுக்குப் பதில் நீளமான நாடா கட்டுங்கள். இறக்கம் வேகமாகும், தூரம் போகாது. சிறகு ஒன்று உடைந்தாலும் மரப்பசை இருக்கிறது.