இழுத்து வைக்கும் கருவியா, கையால் எழுதும் நிரலா?

இணையப் பக்கம் அமைக்க இரண்டு வழிகள் உண்டு. பெட்டிகளை இழுத்து வைத்தால் கருவியே நிரலை எழுதித் தருவது ஒன்று. பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் மொழியான எச்டிஎம்எல்லை நாமே எழுதுவது இன்னொன்று.

பெரிய வேறுபாடு பொத்தானில் தெரியும். சில கருவிகள் பொத்தானை வெறும் டிவ் பெட்டியாக, அதாவது தனக்கென்று ஒரு பொருளும் இல்லாத பெட்டியாக எழுதி, சுட்டியால் அழுத்தினால் மட்டும் இயங்கும்படி விட்டுவிடுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் டேப் விசை அதன்மேல் நிற்காது, என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று சொல்லவும் சொல்லாது. பார்வையற்ற ஒருவர் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டு, அனுப்ப வழியில்லாமல் நிற்பார். இதை என்னால் சின்னக் குறை என்று விட முடியவில்லை. கையால் எழுதும்போது பட்டன் என்ற ஒரே குறிச்சொல் இத்தனையையும் தானாகத் தந்துவிடுகிறது.

சரி, கையால் எழுதினால் போதுமா? போதாது. படத்தைப் பார்க்க முடியாதவருக்காக அதைச் சொல்லால் விளக்கும் மாற்று உரையை எழுத மறப்பது மனிதர்கள்தான். இங்கே நல்ல கருவி முந்துகிறது: படத்தைச் சேர்த்ததும் விளக்கம் கேட்கும், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5:1க்குக் குறைந்தால் எச்சரிக்கும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015இல் வெளியிட்ட ஏடிஏஜி 2.0 என்ற வழிகாட்டி, பக்கம் அமைக்கும் கருவிகளிடம் இப்படிப்பட்ட உதவியை எதிர்பார்க்கிறது. கருவியையே மாற்றுத்திறனாளிகளும் இயக்க முடிய வேண்டும் என்கிறது.

அப்புறம், நிரலில் எழுத்துப் பிழைகளைத் தேடும் நிரல் சரிபார்ப்பானை மட்டும் நம்ப வேண்டாம். மாற்று உரை படத்துக்குப் பொருந்தாமல் இருந்தாலும் அது பிழை சொல்லாது.

நிரலைத் திருத்த விடும் கருவி கிடைத்தால் அதையே எடுப்பேன். இல்லாவிட்டால் கையால் எழுதுவேன். எதுவானாலும் சுட்டியை ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் பக்கத்தை ஒருமுறை கடந்து பாருங்கள்.