கோயில் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த 38,500 ரூபாய்: போலி கிராபிக்ஸ் கார்டு பற்றி ஓர் எச்சரிக்கை

ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டவும், வெளியூரில் இருக்கும் சபையாருக்கு நேரலையாக அனுப்பவும் குறைந்த செலவில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்த பிறகு கடைக்குப் போங்கள். எந்தெந்தப் பாகங்களை வாங்கலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். நாங்கள் 38,500 ரூபாயைப் பறிகொடுத்த விதத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தில், தேரி மணலை ஒட்டிய ஒரு சிற்றூரின் கிறிஸ்தவ சபை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைத்தது. மீதி, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நாள்தோறும் உலை வைக்கும்போது எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை விற்றுச் சேர்த்தது. சொந்தப் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நகரத்தில் பல ஆண்டுகளாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ஒரு கடைக்கு, நானும் வாலிபர் சங்கத்து நண்பர் ஒருவரும் போனோம். ஐ5 12400எஃப் பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, திரைக்குப் படத்தை அனுப்ப என்விடியாவின் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு என்று கடைக்காரரே பட்டியல் எழுதினார். எங்களிடம் இருப்பது விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே உள்ள புரொஜெக்டர் என்று சொன்னதும், அவர் உள்ளே போய்ப் பளபளப்பான ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, "உங்களுக்கென்றே விஜிஏ வைத்த கார்டு கிடைத்திருக்கிறது தம்பி" என்றார். பில் கேட்டோம். "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும், கோயில் காசு எதற்கு வீணாகப் போக வேண்டும்" என்று சொல்லி, எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தார். அசெம்பிள் கூலி 500 ரூபாயையும் வாங்க மறுத்து, "இதை என் காணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் அவரை முழுவதுமாக நம்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லியும் ஜெபித்தோம்.

கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்றை அன்றைக்கு நான் அக்கறையான அறிவுரையாகவே எடுத்துக்கொண்டேன். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மட்டும் அப்டேட் செய்துவிட வேண்டாம் என்றார்.

தொடக்கத்திலேயே, நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில், வீடியோவைக் கார்டிலேயே சுருக்கி அனுப்பும் என்விடியா என்கோடர் வரவில்லை. அதே வேலையைப் பிராசஸரை வைத்துச் செய்யும் எக்ஸ்264 மட்டுமே இருந்தது. ஏதோ அமைப்பை மாற்ற வேண்டும் போலும் என்று விட்டுவிட்டேன். பாடல் வரிகள் மட்டும் காட்டிய ஞாயிறுகளில் குறை தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்துப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை நடக்கும் ஆராதனையில், கேமராவும் பாடல் வரிகளும் நேரலையும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வார்த்தைக்கான கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் திரை கறுத்தது. திரையை நம்பிப் புத்தகம் கொண்டுவராதவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும் மனப்பாடமாகப் பாடி முடித்தார். நான் நான்கு முறை ரீஸ்டார்ட் செய்தும், ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் நீலத்திரைதான் வந்தது. துபாயிலும் மும்பையிலும் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மீதி ஆராதனை கிடைக்கவேயில்லை.

சனிக்கிழமை கடைக்கு போன் செய்தேன். டிரைவர் பிரச்சினை என்றார். திங்கட்கிழமை, உங்கள் ஊர் கரண்ட் சரியில்லை, யுபிஎஸ் வாங்குங்கள் என்றார். அன்று இரவு, இந்த வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்து கார்டின் உண்மையான விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபேக்' என்று இருந்தது. 1050 டிஐ கார்டில் ஷேடர்கள் எனப்படும் சிறு கணக்கிடும் அலகுகள் 768 இருக்க வேண்டும், இதில் 192. உள்ளே இருப்பது 2011-ஆம் ஆண்டில் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் சிப். கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, 2016-இல் வந்த கார்டின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். வீடியோவை என்கோடு செய்யும் என்வென்க் பகுதி 2012 முதல் வந்த சிப்புகளில்தான் உண்டு என்பதால், ஓபிஎஸ் அதைக் காட்டாததில் வியப்பில்லை. இந்தத் தலைமுறைச் சிப்புகளுக்குப் புதிய டிரைவர் வருவதை என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. அப்டேட் செய்ய வேண்டாம் என்றதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கென்றே கிடைத்ததாகச் சொன்ன அந்த விஜிஏ துளைதான் முதல் அடையாளமாம். அசல் 1050 டிஐ சிப்பில் விஜிஏவுக்கான அனலாக் வெளியீடே கிடையாது. புதியது என்று கொடுத்த எஸ்எஸ்டியும் ஏற்கெனவே 11,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

படம் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். "அண்ணாச்சி, இது போலி" என்றதும், மொத்த வியாபாரி கொடுத்ததைத்தான் நான் கொடுத்தேன் என்றார். பிறகு, இது என் கடையில் வாங்கியதுதான் என்பதற்குச் சீரியல் நம்பர் போட்ட பில் எங்கே என்று கேட்டார். பில் வேண்டாம் என்று சொன்னவரே அதைக் கேட்டார். அவருடைய காணிக்கையை நினைவுபடுத்தினேன். அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். அதன்பின் என் எண்ணிலிருந்து போன் போனால் எடுப்பதில்லை. எஃப் வகைப் பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், அந்தக் கார்டைக் கழற்றினால் திரையில் ஒன்றுமே வராது. 38,500 ரூபாய் பெட்டியாகக் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் கிடக்கிறது.

பாகங்களின் பட்டியலை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது மனம் அதில் நிற்கவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பாடல் வரிகளுக்கும் ஒரு கேமரா நேரலைக்கும் தனிக் கார்டே தேவையில்லை. எஃப் இல்லாத 12400 வாங்கினால் அதன் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே இரண்டு திரைகளும் ஓடும், ஓபிஎஸ்ஸும் அதன் குயிக் சிங்க் என்கோடரைப் பயன்படுத்தும். எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டும் உள்ள எச்610 மதர்போர்டுகள் கிடைக்கின்றன. பாடல் வரிகளுக்கு ஓபன்எல்பி இலவசம். கார்டு வாங்கியே தீர வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஜிபியு-இசட் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் போகப் போகிறேன். நாளை மாலை சபைக் கமிட்டி கூடுகிறது. கைப்பிடி அரிசி சேர்த்த தாய்மார்களின் முன்னால் 38,500 ரூபாய்க்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். என் கையில் இருப்பதோ எஸ்டிமேட் என்று அச்சிட்ட அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான்.