கண்மாயில் தேக்குவதா, கிணற்றுக்குள் இறக்குவதா?

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழையைச் சித்திரை வரை காப்பாற்றி வைப்பது எப்படி என்பதே செட்டிநாட்டு விவசாயியின் பெருங்கவலை. கண்மாயில் தேக்கலாம், கசிவுநீர்க் குட்டை வெட்டி ஊறவிடலாம், அல்லது செறிவூட்டுக் குழாய் வழியே நேராக நிலத்தடிக்கு இறக்கலாம்.

மடையைத் திறந்தால் மோட்டார் இல்லாமலே வயலுக்குப் பாயும் என்பதாலும், யாருக்கு எப்போது என்பதைக் கண்மாய்ப் பாசன நிலங்களுக்கான ஆயக்கட்டு முறையே தீர்த்துவிடும் என்பதாலும், நெல்லுக்குக் கண்மாயை விஞ்சிய ஏற்பாடு இல்லை. வெயில்தான் அதன் எதிரி. ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஏறத்தாழ 20,000 லிட்டர், அதாவது இரண்டு லாரித் தண்ணீர், வானத்துக்குப் போய்விடுகிறது.

கசிவுநீர்க் குட்டையைத் தனியே வெட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தூர்வாரிய கண்மாயின் உள்வாயே, அதாவது நீர் நிற்கும் உட்பகுதியே, அந்த வேலையைச் செய்துவிடும்.

செறிவூட்டுக் குழாய் ஆவியாதலை அறவே தவிர்க்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் மாவட்டத்தில், வெள்ளநீரைப் பாசனத்துக்காகப் பூமிக்குள் சேமிக்கும் சோதனையாக, 2015இல் ஒரு குளத்துக்குள் 10 செறிவூட்டுக் கிணறுகளை அமைத்தார்கள். நம் பகுதியின் துளைகள் நிறைந்த செம்பூரான் கல்லும் நீரை விரைந்து உறிஞ்சக்கூடியதே. இடையூறு வண்டலில் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் குழாயில் முதல் மழையின் செந்நீரை அப்படியே விட்டுவிட்டோம். மூன்றாம் மழைக்கு வடிகட்டித் தொட்டி நிரம்பி வழிந்தது. மணலைக் கிளறியபோது, மேலே விரல் தடிமனுக்குச் செம்மண் ஏடு படிந்து, அடியில் ஜல்லி ஈரமில்லாமல் கிடந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு: நாம் இறக்கிய நீரைப் பக்கத்துக் காட்டில் ஆழத் துளைத்தவர் எடுத்துக்கொண்டால், ஆயக்கட்டில் முறையிடுவதுபோல் யாரிடமும் முறையிட முடியாது. மறுபடி மேலேற்ற மின்சாரமும் வேண்டும். விவசாயத்துக்கு அது கட்டணமில்லை என்றாலும் இணைப்பு இருந்தால்தானே!

ஆகவே நெல் அறுவடை வரைக்குமான நீர் கண்மாயிலேயே நிற்கட்டும்; கலுங்கு தாண்டி வீணாகும் உபரியை மட்டும், மண் படிந்து தெளிந்தபின், கைவிட்ட வெட்டுக்கிணறுகளுக்குள் வடிகட்டி இறக்கினால் கோடையில் தென்னைக்கும் காய்கறிக்கும் உதவும். உரமும் பூச்சிமருந்தும் கரைந்த வயல் வடிகாலை அதில் சேர்க்கவே கூடாது, ஏனெனில் கெட்ட நிலத்தடி நீரை மீட்பது மிகக் கடினம். வடிகட்டியின் மேல்மணலை ஆடியிலேயே வாரி மாற்றிவிடுவது நல்லது. ஐப்பசி பிறந்துவிட்டால், நடவும் களையெடுப்புமாக, வேலைக்கு ஆள் அகப்படுவதில்லை.