எந்த டன், எந்த மணி: சரக்கு வணிக மென்பொருளோடு ஆறு வருடம்

நிலக்கரி, இரும்புத் தாது, தானியம் ஆகியவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றில் ஆபரேஷன்ஸ் பக்கம் இருக்கிறேன். டிரேடர் ஒப்பந்தம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கப்பல் வந்ததா, சரக்கு ஏறியதா, யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் எங்கள் தலையில். ஆறு வருடத்துக்கு முன் எக்செலை விட்டு ஒரு கமாடிட்டி டிரேடிங் மென்பொருளுக்கு மாறினோம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் சொன்னால் பாராட்டு விளம்பரமாகிவிடும், குறை வம்பாகிவிடும்.

டெமோவில் எல்லாம் அழகாக இருந்தது. கொள்முதல் ஒப்பந்தம் ஒரு பெட்டி, விற்பனை ஒப்பந்தம் ஒரு பெட்டி, நடுவில் ஒரு கப்பல் படம். சுட்டியால் இழுத்துக் கோத்தால் ஷிப்மென்ட் தயார். அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு கப்பல் கிளம்பி இறக்கி முடிக்கும் வரை கையில் இருப்பதெல்லாம் உத்தேசம்தான். அளவு உத்தேசம், வரும் தேதி உத்தேசம், சரக்குக் கூலி (சரக்கை ஏற்றிச் செல்லக் கப்பல்காரருக்குத் தருவது) உத்தேசம். அவை ஒவ்வொன்றாகத்தான் உறுதியாகும். பழைய உத்தேசத்தையும் புதிய உண்மையையும் மென்பொருள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறதா, இல்லை பழையதை அழித்து மேலே எழுதுகிறதா? ஆறு வருடத்தில் நான் பட்ட கஷ்டத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் டன் கணக்கு. ஒப்பந்தத்தில் 50,000 டன், கூடக்குறைய 10 சதவீதம், கப்பல்காரர் விருப்பப்படி என்று இருக்கும். கப்பல் வந்ததும் கேப்டன் 54,500 டன் ஏற்றுகிறேன் என்பார். ஏற்றி முடித்து டிராஃப்ட் சர்வே எடுத்தால் 54,120. அதுதான் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு தரும் ஆவணம்) ஏறும். இறக்குமிடத்தில் மறுபடி சர்வே, 53,870. இதில் யாரும் திருடவில்லை. கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதை முன்னும் பின்னும் நடுவிலும், இரண்டு பக்கமும் படித்து, தண்ணீரின் அடர்த்தியைப் பார்த்து (கடல் நீர் என்றால் 1.025, ஆற்று முகத்துவாரம் என்றால் அதைவிடக் குறைவு) எடையைக் கணக்கிடுவதுதான் இந்த சர்வே. அரை சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம். மேலே சொன்ன 250 டன் வித்தியாசம் அதற்குள்ளேதான் வருகிறது.

இரும்புத் தாது என்றால் இன்னொரு சுற்று. கப்பல்காரருக்குக் கூலி ஈர எடைக்கு, விற்றவருக்குப் பணம் ஈரத்தைக் கழித்த உலர் எடைக்கு. ஏற்றுமிடத்துப் பரிசோதனையில் ஈரப்பதம் 8 சதவீதம், இறக்குமிடத்தில் 9.2 சதவீதம் என்று வந்தால் 54,120 டன்னில் சுமார் 650 உலர் டன் காணாமல் போய்விடும்.

எங்கள் மென்பொருளில் ஆரம்பத்தில் இருந்தது இரண்டே கட்டம்: ஒப்பந்த அளவு, உண்மை அளவு. உண்மை அளவைத் திருத்தினால் முந்தையது போயே போய்விடும். ஒருமுறை இறுதி எடையை ஏற்றிய பிறகு தற்காலிக இன்வாய்ஸை மறுபடி அச்செடுத்தேன். வங்கிக்கு ஏற்கெனவே போன தொகை ஒன்று, கையில் வந்த தாளில் இருந்தது வேறொன்று. கணக்குப் பிரிவில் இருப்பவர் இரண்டு தாளையும் என் மேசையில் வைத்து, “இதுல எந்த டன் நிஜம்?” என்று கேட்டார். இரண்டுமே நிஜம்தான் என்று சொல்லி அவரை நம்பவைக்க அரை நாள் ஆனது. மூன்றாவது வருடம் வந்த பதிப்பில் அளவுக்கு நிலைகள் வந்தன: உத்தேசம், கேப்டன் சொன்னது, பில் ஆஃப் லேடிங், இறக்கியது, உலர் எடை. ஒவ்வொரு இன்வாய்ஸும் எந்த நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாமே கட்டிவைக்கலாம். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் எக்செலை மூடினேன்.

தானிய வணிகத்தில் வரும் புஷல் என்ற அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோதுமைக்கு ஒரு புஷல் 60 பவுண்டு, மக்காச்சோளத்துக்கு 56 பவுண்டு. அதாவது ஒரு டன் கோதுமை 36.74 புஷல், ஒரு டன் மக்காச்சோளம் 39.37 புஷல். எங்கள் மென்பொருளில் புஷலுக்கு ஒரே ஒரு மாற்று எண் வைத்திருந்தார்கள், கோதுமையுடையது. மக்காச்சோளத்துக்கு எடுத்த ஹெட்ஜ் (விலை மாறினால் வரும் நஷ்டத்துக்கு எதிரான காப்பு) ஏறத்தாழ 7 சதவீதம் குறைவாகவே போய்க்கொண்டிருந்தது. வாங்குவதற்கு முன் இதை மட்டுமாவது சோதித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுத்தது நேரம். டன்னில் வரும் தவறு எப்படியும் கண்ணில் படும். நேரத்தில் வரும் தவறு பில்லாக வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

55,000 டன் நிலக்கரியை நாளுக்கு 10,000 டன் வீதம் இறக்க வேண்டும் என்றால் நமக்குக் கிடைக்கும் லேடைம், அதாவது ஏற்றவோ இறக்கவோ தரப்படும் அவகாசம், ஐந்தரை நாள். தாண்டினால் கப்பல்காரருக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். முன்கூட்டியே முடித்தால் அவர் நமக்கு டிஸ்பாட்ச் என்ற வெகுமதி, பெரும்பாலும் டெமரேஜில் பாதி. இதுவரை எளிது. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதில்தான் சண்டையே. கப்பல் தொழில் சங்கமான பிம்கோவின் 1994 ஜென்கான் மாதிரி ஒப்பந்தப் படிவத்தில் கப்பல் தயார் என்ற நோட்டீஸ் பகல் 12 மணிக்குள் கொடுக்கப்பட்டால் 13 மணிக்கு லேடைம் தொடங்கும். அதற்குப் பிறகு அலுவலக நேரத்தில் கொடுத்தால் அடுத்த வேலை நாள் காலை 6 மணிக்குத்தான். மழை கழியும், ஞாயிறும் விடுமுறையும் கழியும். ஆனால் விடுமுறையிலும் வேலை பார்த்தால் அந்த நேரம் கணக்கில் வருமா வராதா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு சொல்லைப் பொறுத்தது.

மென்பொருள் இதையெல்லாம் செய்தது, உண்மையிலேயே நன்றாகச் செய்தது. துறைமுகத்தில் இருக்கும் ஏஜென்ட் அனுப்பும் நேரக் குறிப்பை வரிவரியாக ஏற்றினால், எந்த மணி கணக்கில் சேரும், எது கழியும் என்று நிறம் பிரித்துக் காட்டும். அதை நம்பி ஒரு வருடம் ஓட்டினோம். அப்புறம் ஒரு கப்பல். வெள்ளி இரவோடு லேடைம் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை 9 மணி நேரம் மழை, ஞாயிறு 24 மணி நேரம். இந்த 33 மணி நேரத்தையும் மென்பொருள் வழக்கம்போலக் கழித்துவிட்டது. கப்பல் ஒருமுறை டெமரேஜில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு மழையும் கிடையாது, ஞாயிறும் கிடையாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நாளுக்கு 16,000 டாலர் என்ற விகிதத்தில் 22,000 டாலரை நாங்கள் குறைத்துக் காட்டியிருந்தோம். கப்பல்காரரின் கணக்கு வந்து சேர்ந்தபோது நான் சற்று அதட்டலாகவே பதில் எழுதியிருந்தேன். அந்த மின்னஞ்சலை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. பிறகு பார்த்தால் மென்பொருளின் அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில் அதற்கென்று ஒரு டிக் பெட்டி இருந்தது, யாரும் தொடாமல்.

இதைவிட ஆழமான குறை, ஒரு துறைமுக வருகைக்கு ஒரே ஒரு லேடைம் கணக்கு என்று மென்பொருள் நினைத்துக்கொண்டிருந்தது. கப்பலை வாடகைக்கு எடுத்து, சரக்கை சிஐஎஃப் விலைக்கு (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) விற்பவனுக்குக் கணக்கு இரண்டு. சார்ட்டர் பார்ட்டி என்ற கப்பல் வாடகை ஒப்பந்தப்படி நாம் கப்பல்காரருக்குத் தருவது ஒன்று, விற்பனை ஒப்பந்தப்படி வாங்குபவரிடம் நாம் கேட்பது இன்னொன்று. அதே மழை, அதே ஞாயிறு, விதிகள் மட்டும் வேறு. ஒன்றில் நாளுக்கு 10,000 டன், மற்றதில் 8,000 டன் என்று டிரேடர் கவனிக்காமல் ஒப்புக்கொண்டிருப்பார். நடுவில் விழும் அந்தப் பள்ளம் நம் கையிலிருந்து போகும் காசு. நான்காவது வருடம்தான் இரண்டு கணக்கையும் அருகருகே வைக்கும் திரை வந்தது. இன்று டிரேடர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். பேசும்போது எவ்வளவு சுலபமாகத் தலையாட்டினார்கள் என்பது அதில் டாலரில் தெரியும்.

கப்பல் பிடிக்கும் பகுதியில் எனக்கு இருந்த மனத்தாங்கல் வேறு மாதிரி. சரக்கை சிஐஎஃப்புக்கு விற்றுவிட்டோம், கப்பல் இன்னும் பிடிக்கவில்லை என்றால் கூலி ஏறினால் நமக்கு நஷ்டம். அப்படியிருந்தும் முதல் இரண்டு வருடம் ரிஸ்க் அறிக்கையில் கூலி என்ற வரியே இல்லை, நிலக்கரி விலை மட்டும்தான். கூலி சும்மா இருக்கிற பொருளா? கப்பல் கூலியின் குறியீடான பால்டிக் டிரை இண்டெக்ஸ் 2008 மே மாதம் 11,793 புள்ளி வரை போய், அதே வருடம் டிசம்பரில் 663க்கு விழுந்தது. எந்த நிலக்கரி விலை இப்படி ஆடியிருக்கிறது? இப்போது கப்பல் உறுதியாகும் வரை உத்தேசக் கூலியைத் தினமும் சந்தை நிலவரத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. உறுதியானதும் அந்த வரி தானாகவே மூடிக்கொள்ளும்.

டைம் சார்ட்டர், அதாவது கப்பலையே ஒரு காலத்துக்கு வாடகைக்கு எடுத்தால் எரிபொருள் நம் பொறுப்பு. கப்பலைக் கையில் வாங்கும்போது டேங்கில் இருந்தது எவ்வளவு, திருப்பிக் கொடுக்கும்போது மிச்சம் எவ்வளவு, எந்த விலைக்கு என்று ஒரு சின்ன கிடங்குக் கணக்கே வைக்க வேண்டும். எங்கள் மென்பொருள் அதைச் செலவு வரியாக மட்டும் பார்க்கிறது, இன்றுவரை. 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தானபோது வேறொரு சிக்கல் தலைகாட்டியது. தூர அட்டவணை சூயஸைத்தான் குறுக்குவழியாக எடுத்துக்கொண்டிருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றச் சொல்ல ஒவ்வொரு பயணத்திலும் கையால் திருத்த வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாம் என்றால் சுமார் 3,500 கடல் மைல் கூடுதல், 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகத்தில் பதினோரு நாளுக்கு மேல். திருத்த மறந்த பயணங்களில் வரும் தேதி தப்பு, எரிபொருள் தப்பு, வாங்குபவருக்கு அனுப்பிய கடிதமும் தப்பு. சில வாரங்களில் சரிசெய்து தந்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆவணங்கள் பகுதி பரவாயில்லை. பில் ஆஃப் லேடிங் வரைவு, இன்வாய்ஸ், சான்றிதழ்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால் கப்பல் பெயரில் எழுத்துப்பிழை வருவது நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாதாரண நினைவூட்டல். டெமரேஜ் கோருவதற்குப் பல ஒப்பந்தங்களில் கெடு உண்டு, 90 நாள் என்று போட்டிருந்தால் 91ஆம் நாள் எவ்வளவு நியாயம் பேசினாலும் காசு வராது. கெடுவுக்கு 30 நாள் முன்பிருந்தே அந்த வரி சிவப்பாகி, கோரிக்கையின் நகலை இணைத்தால்தான் அடங்கும். எக்செல் காலத்தில் கெடு தாண்டி இழந்தவை உண்டு. இது வந்த பிறகு ஒன்றுகூட இல்லை.

அடுத்த மாதம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன். கூடவே இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறேன்: எரிபொருளைச் சரக்கிருப்பாகக் காட்டுவது, மூன்றாவது பக்கத்து டிக் பெட்டியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது. இரண்டாவதற்கு உடனே சரி என்று பதில் வந்துவிட்டது. முதலாவது பரிசீலனையில் இருக்கிறதாம், நான்கு வருடமாக.