மாளிகையிலா, கவுண்டிக் காப்பகத்திலா? ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களின் ஆவணங்கள்

இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகைகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவிட்ட நிலப் பத்திரங்கள், குத்தகைக் கணக்குகள், கடிதக் கட்டுகள் ஆகியவற்றுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: மாளிகையிலேயே வைத்துக்கொள்வது, உரிமையை விடாமல் கவுண்டிக் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) காப்பகத்தில் ஒப்படைப்பது, அல்லது விற்றோ வாரிசு வரிக்கு ஈடாக அரசிடம் தந்தோ கைகழுவுவது.

முதல் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹாட்ஃபீல்ட் மாளிகை. முதலாம் எலிசபெத்தின் அமைச்சர் வில்லியம் செசில், அவர் மகன் ராபர்ட் ஆகியோரின் ஏறத்தாழ 30,000 ஆவணங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை 1883 முதல் 1976 வரை 24 தொகுதிகளாக விவரித்து வெளியிட்டது குடும்பமன்று, அரசின் வரலாற்றுக் கையெழுத்துப் படிகள் ஆணையம் என்பதை மறந்துவிடலாகாது. வெளியார் தயாரித்த பட்டியல் இல்லாத இடத்தில் சாவி வைத்திருப்பவரே வரலாற்றைத் தீர்மானிக்கிறார். பீவர் (Belvoir) கோட்டையில் ரட்லண்டின் 9ஆம் கோமகன் தன் இளமைக்காலத்துக் கடிதங்களில் சிலவற்றை அகற்றிவிட்டு, 1940இல் கோட்டையின் ஆவண அறைகளிலேயே உயிர்விட்டார். வென்ட்வொர்த் உட்ஹவுஸ் மாளிகையின் கதை இன்னும் தெளிவானது: ஷெஃபீல்டு நகரக் காப்பகத்துக்குப் போயிருந்த பழைய ஆவணங்கள் பிழைத்தன, குடும்பத்திடமே தங்கிய இருபதாம் நூற்றாண்டு எஸ்டேட் கோப்புகளில் பெரும்பகுதி 1972இல் எரிக்கப்பட்டது.

ஒப்படைப்பை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் தீயைத்தான் காட்டுவார்கள். 2015இல் ஆன்ஸ்லோ குடும்பத்தின் பழைய இல்லமான கிளாண்டன் பார்க் மாளிகை எரிந்து கூடானபோது, வோக்கிங்கில் உள்ள சர்ரே கவுண்டி வரலாற்று மையத்திலிருந்த அக்குடும்பத்தின் ஆவணங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் 1994இல் நார்விச் மைய நூலகம் எரிந்தபோது நார்ஃபோக் ஆவணக் காப்பகம் அதன் அடித்தளத்தில்தான் இருந்தது. ஆவணங்கள் பெரும்பாலும் தப்பினாலும் நனைந்துபோயின. ஆகவே என் கணிப்பில் காப்பகத்தின் உண்மையான பலம் கட்டடத்தில் இல்லை. குடும்பத்தின் தயவை நம்பாத பட்டியலிலும், யாரும் வந்து உட்காரக்கூடிய படிப்பறையிலும்தான் இருக்கிறது. பலவீனமும் உண்டு: ஒப்படைப்பு என்பது கடன்தான், வாரிசு நினைத்தால் பெட்டிகளைத் திரும்ப எடுத்துச் சென்று ஏலத்தில் விடலாம்.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பக்கிங்ஹாம்ஷரின் ஸ்டோவ் மாளிகை ஆவணங்கள் 1925இல் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நன்றாகத்தான் பேணப்படுகின்றன, பக்கிங்ஹாம்ஷரில் ஒரு வயலின் வரலாற்றைத் தேடுபவர் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும், அவ்வளவே. மேக்கிள்ஸ்ஃபீல்ட் குடும்பத்திடமிருந்த நியூட்டனின் தாள்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் 2000இல் 63.7 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நியூட்டன் பெயர் இருந்ததால் அவ்வளவு பணம் திரண்டது, சமையலறைக் கணக்குப் புத்தகத்துக்கு யார் திரட்டுவார்கள்? வரிக்கு ஈடாகத் தருவது இதைவிட மேல், ஏனெனில் தொகுப்பைச் சிதறவிடாமல் உள்ளூர்க் காப்பகத்துக்கே ஒதுக்க முடியும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெட்வொர்த் மாளிகை கையாளும் கலப்பு வழியையே சொல்வேன்: ஆவணங்கள் எக்ரமான்ட் பிரபுவின் உடைமையாக மாளிகையில் இருக்க, முன்கூட்டிக் கேட்பவர்கள் அவற்றைச் சிசெஸ்டரில் உள்ள மேற்கு சசெக்ஸ் ஆவணக் காப்பகத்தில் பார்க்கிறார்கள். இதற்குத் தேவையான ஆள்பலம் இல்லாத குடும்பம் ஒப்படைத்துவிடலாம். காப்பகம், தன் பங்குக்கு, திரும்பப் பெற நீண்ட முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும், அப்படிப் பெற்றால் பட்டியலிடவும் செப்பனிடவும் ஆன செலவைக் குடும்பமே ஏற்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.