கூரையில்தான் இருக்கிறது விஷயம்: வீபூஸ்ட் டிரைவ் ரீச் கார் பூஸ்டர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐ-70 சாலையில் கிரீன் ரிவரைத் தாண்டினால் சலைனா வரை நூறு மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. செல்போன் சிக்னலும் தேய்ந்துபோகும் இப்படிப்பட்ட சாலைகளில் அடிக்கடி குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, காருக்குள் அந்தச் சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டரான வில்சன் எலக்ட்ரானிக்ஸின் வீபூஸ்ட் டிரைவ் ரீச் வாங்கத் தகுந்த கருவி. சந்தைக்கு வந்தபோது விலை சுமார் 500 டாலர். ஆனால் அந்தப் பணத்துக்குப் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் காரின் கூரையைப் பொறுத்தது.

பெட்டியில் இருப்பவை நான்கு: பூஸ்டர், காந்தத்தில் ஒட்டும் வெளி ஆண்டெனா, இருக்கையோரம் பொருத்தும் தட்டையான உள் ஆண்டெனா, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் பவர் கேபிள். டவரிலிருந்து வருவதை வெளி ஆண்டெனா பிடிக்கும், பூஸ்டர் பெருக்கும், உள் ஆண்டெனா போனுக்குத் தரும். போன் அனுப்புவது இதே வழியில் திரும்பிப் போகும். டவர் சிக்னல் அறவே இல்லாத இடத்தில் பெருக்க எதுவும் இல்லை. அங்கே எந்த பூஸ்டரும் உதவாது.

நகரும் வண்டிகளுக்கான பூஸ்டர் அதிகபட்சம் 50 டெசிபெல்தான் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) பெருக்கலாம் என்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. டிரைவ் ரீச் அந்த உச்சவரம்பில் நிற்கிறது. கேட்க 50 பெரிய எண்தான். ஆனால் 800 மெகாஹெர்ட்ஸில் உள் ஆண்டெனாவுக்கும் போனுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தாலே கிட்டத்தட்ட 25 டெசிபெல் காற்றில் போய்விடும். தூரம் இரட்டித்தால் இன்னும் 6 போகும். 1900 மெகாஹெர்ட்ஸில் இழப்பு இதைவிட அதிகம். பின் இருக்கையில் இருப்பவருக்குப் பலனே தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். யார் போன் முக்கியமோ, அவருக்கு ஓரிரு அடிக்குள் உள் ஆண்டெனா இருக்கட்டும். மனித உடலிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதும் விதி. ஓட்டுநர் இருக்கையின் உள்பக்கம், நடு கன்சோலை ஒட்டி வைப்பது நல்லது. இருக்கையின் கதவுப் பக்க ஓரத்தில் பல கார்களில் ஏர்பேக் இருக்கும், அங்கே ஒட்டவே கூடாது.

இப்போது கூரை. வெளி ஆண்டெனாவுக்கு இரும்புக் கூரை இரண்டு வேலை செய்கிறது. ஆண்டெனா சரியாக இயங்கத் தேவையான உலோகத் தளம் அதுதான். உள் ஆண்டெனாவிலிருந்து வெளி ஆண்டெனாவை மறைக்கும் சுவரும் அதுதான். அந்தச் சுவர் பலவீனமானால் உள்ளே போன சிக்னல் திரும்ப வெளியே ஏறி, மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீச்சிடுவதுபோல் சுற்ற ஆரம்பிக்கும். பூஸ்டர் உடனே தன் பெருக்கத்தைக் குறைக்கும், அல்லது அந்த அலைவரிசையையே அணைத்துவிடும். கண்ணாடிக் கூரை கொண்ட டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் போன்றவற்றில் இந்தச் சிக்கல் அதிகம். அங்கே காந்தமும் ஒட்டாது. 2015 முதல் ஃபோர்டு எஃப்-150 அலுமினிய உடலோடு வருவதால் அதிலும் காந்தம் பிடிக்காது. அலுமினியத்தில் ஒரு மெல்லிய எஃகுத் தட்டை ஒட்டி அதன்மேல் ஆண்டெனாவை வைத்தால் தீர்ந்தது. கண்ணாடிக் கூரையில் தட்டு ஒட்டினாலும் மறைப்பு போதாது, முழுப் பெருக்கம் கிடைப்பது கடினம்.

இரும்புக் கூரை என்றால் நடுவில், எல்லா ஓரங்களிலிருந்தும் 8 அங்குலம், ரேடியோ ஆண்டெனா, சன்ரூஃப் ஆகியவற்றிலிருந்து 12 அங்குலம் தள்ளி வையுங்கள். கேபிளைக் கதவின் ரப்பர் ஓரத்தில் அழுத்தி இறக்குங்கள். மெல்லிய கேபிள், கூர்மையாக மடித்தால் உள்ளே நசுங்கிப் பலம் குறையும். மிச்சக் கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைக்கலாம், உள் ஆண்டெனாவின் மேல் மட்டும் போடாதீர்கள். இரண்டு ஆண்டெனாக்களின் கேபிள்களையும் பூஸ்டரில் கையாலேயே இறுக்கிய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். விளக்கு நிலையான பச்சையில் எரிய வேண்டும். வேறு நிறம் கலந்தால் ஆண்டெனாக்களின் இடைவெளியைக் கூட்டி, பவரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். பூஸ்டர் சூடாகும், கார்பெட்டுக்கு அடியில் மூடி வைக்க வேண்டாம். சில கார்களில் இன்ஜினை அணைத்தபின்னும் 12 வோல்ட் சாக்கெட்டில் கரண்ட் வரும். அப்படியானால் இறங்கும்போது பிளக்கைக் கழற்றுங்கள், பேட்டரி மிஞ்சும்.

பலனைப் போன் திரையின் சிக்னல் கோடுகளை எண்ணிப் பார்க்காதீர்கள். ஐபோனில் *3001#12345#* அழைத்தால் சிக்னலின் பலம் டிபிஎம் அளவில் தெரியும்; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். ஆண்ட்ராய்டில் சிம் நிலை பக்கத்தில் இருக்கும். மைனஸ் 118 இருந்தது மைனஸ் 105 ஆனால், அறுந்துகொண்டிருந்த அழைப்பு அறாமல் தொடரும். டவர் பக்கத்தில் மைனஸ் 80-இல் எதுவும் மாறாது. வேகம் குறையவும் கூடும், ஏனெனில் போன் தன் பல ஆண்டெனாக்களில் தனித்தனியாக வாங்குவதை பூஸ்டர் ஒரே ஆண்டெனா வழியாகத் தருகிறது. ஊருக்குள் அணைத்துவிடுவதே மேல்.

டிரைவ் ரீச்சின் உண்மையான பலம் போனிலிருந்து டவருக்குப் போகும் சிக்னலில் இருக்கிறது. போன் அனுப்பக்கூடியது 23 டிபிஎம் அளவு, இந்தக் கருவி 29.5 வரை அனுப்பும். கோடுகள் காட்டியும் அழைப்பு போகாத கிராமப்புறச் சாலையில் தடுமாறுவது பெரும்பாலும் போனின் குரல் டவரை எட்டாததால்தான்.

வாங்கும் முன் உங்கள் செல்போன் நிறுவனம் எது என்று பாருங்கள். இது பெருக்குவது 2, 4, 5, 12, 13, 17, 25 ஆகிய பேண்டுகளை, அதாவது எண்ணிட்ட அலைவரிசைப் பகுதிகளை. வெரைசான், ஏடி அண்ட் டி வாடிக்கையாளர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். டி-மொபைல் கிராமப்புறங்களில் பெரிதும் நம்பும் 600 மெகாஹெர்ட்ஸ் பேண்டு 71 இதில் இல்லை, அதன் வேகமான 5ஜிக்கான 2.5 கிகாஹெர்ட்ஸும் இல்லை. ஆகவே டி-மொபைல்காரர்கள் 500 டாலரை யோசித்துச் செலவிடுங்கள். தனியாக ஓட்டுபவருக்கு இதே வீபூஸ்ட்டின் டிரைவ் ஸ்லீக் போதும். அது போனைத் தாங்கியிலேயே வைத்துப் பிடிப்பதால் காற்றில் இழப்பு குறைவு, பெருக்கமும் விதிப்படி 23 டெசிபெல்தான். ஒரு போனுக்கு மட்டுமே பயன்படும்.

பொருத்தியதும் உங்கள் செல்போன் நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அது சட்டம். கட்டணம் இல்லை. பூஸ்டர் வழியாக அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் இருப்பிடம் தவறாகப் போகலாம், எங்கே இருக்கிறீர்கள் என்பதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதை எடுத்து வர வேண்டாம். உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது இந்தியாவில் குற்றம். அலைவரிசைகளும் பொருந்தாது: இந்தியாவில் டவர் பேசும் 1850 முதல் 1880 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, அமெரிக்காவில் போன் பேசும் பகுதி. அங்கே சரியாக வேலை செய்யும் கருவி இங்கே அக்கம்பக்கத்துப் போன்களுக்கெல்லாம் இடைஞ்சல் செய்யும்.